போட்டிருப்பவரைக் கேட்டு

நாற்பத்தொரு அச்சுப்பட்டறைகளுக்குச் சீல் வைத்தவன் நான். நாற்பத்திரண்டாவதற்காக ஒரு மே முதல் தேதி காலையில் செவல்நத்தம் போய் இறங்கினேன். விருதுநகருக்குத் தெற்கே, பட்டாசுச் சீமை. ஒன்பது மணிக்கே மண்டையைப் பிளக்கிற வெயில். நான் வேலை பார்க்கும் மாநில வடிவக் கழகத்தின் வண்டி தன்னைத்தானே ஓட்டிக்கொண்டு வந்தது. எனக்கு இருந்த ஒரே வேலை, காதுக்குள் கழகத்து ஆணையர் பேசும்போதெல்லாம் "ஆமாம் சார்" என்பது. அதில் எனக்குப் பதினொரு வருட அனுபவம்.

ஊராட்சிக்கு ஒரு அச்சுப்பட்டறை என்று அரசாங்கம் ஒரு காலத்தில் கொடுத்திருந்தது. மெஷினுக்குள் பிளாஸ்டிக் நூலோ உலோகத் தூளோ போட்டு, வடிவத்தைக் காட்டினால் பொருள் வெளியே வரும். மோட்டார் பம்புக்கு இலை, கதவுக்குக் கீல், மூக்குக் கண்ணாடிக்குச் சட்டம். வடிவங்களை உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கிற புண்ணியவான்கள் வரைந்து இலவசமாகக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒவ்வொன்றோடும் ஓர் உரிமம் இருக்கும். யார் செய்யலாம், விற்கலாமா கூடாதா, மாற்றினால் என்ன செய்ய வேண்டும், வரைந்தவர் பெயரை எங்கே போட வேண்டும் என்று.

பிறகு மாநில வடிவக் கழகம் வந்தது. இனி எல்லாவற்றையும் ஐந்தே ஐந்து மையங்களில் தானே அச்சிட்டுத் தருவதாகச் சொன்னது. ஊராட்சிகளின் பட்டறையை நேரடியாகப் பிடுங்கச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. உரிமத்தை மீறிய பட்டறையை மூட மட்டும் இடம் கொடுத்தது. அது போதாதா? அந்த வாசகங்களை யார் படிக்கிறார்கள்? "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துவதற்கு முன் நீங்களும் நானும் என்றைக்காவது படித்திருக்கிறோமா? அதனால் என் வேலை சுலபமாக இருந்தது. போவேன், பெயர் போடாத ஒரு கதவுக் கீலை எடுப்பேன், சீல் வைப்பேன், சாப்பாட்டுக்கு முன் திரும்பிவிடுவேன்.

சீல் வைத்த மெஷின் ஊருக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமில்லை.

செவல்நத்தத்தின் கதை வேறு. அங்கே அச்சிடுவது கை. பட்டாசு விபத்தில் கை போனவர்கள் அந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலுமாக அறுபத்துமூன்று பேர். முழங்கையில் மாட்டிக்கொண்டால் தசை அசைவதை உணர்ந்து விரல்கள் மடங்கும், பிரியும். அதை முதலில் வரைந்தவர் இன்னாசி என்று ஒருவர். எந்த ஊர், இருக்கிறாரா போய்விட்டாரா, யாருக்கும் தெரியாது. உரிமத்தை நான்கே வரியில் தமிழில் எழுதி வைத்திருந்தார்:

"இந்தக் கையை யாரும் செய்துகொள்ளலாம்.
விற்கக் கூடாது.
போட்டிருப்பவரைக் கேட்டு மாற்றலாம். மாற்றியதை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும்.
தவறியவர் உரிமை இழப்பார். தவற்றை ஒப்புக்கொண்டு முப்பது நாளில் சரிசெய்தால் திரும்பப் பெறுவார்."

இன்னாசியின் கையில் கட்டைவிரல் கொஞ்சம் மந்தம். செவல்நத்தத்துக்காரர்கள் அதைத் திருத்தித் திருத்தி, ஊசியில் நூல் கோர்க்கிற அளவுக்குக் கொண்டுவந்து, உரிமத்தில் சொன்னபடி உலகத்துக்கே கொடுத்துவிட்டார்கள். கழகமும் அதை எடுத்துக்கொண்டது. "ஒரே கை" என்று பெயர் வைத்து, மாநிலம் முழுக்க ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பேருக்கு மாட்டியது. ஒரே வித்தியாசம், கழகத்தின் கை மையத்தோடு பேசிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை மையத்திலிருந்து அதன் மூளையைத் திருத்துவார்கள்.

அந்தத் திருத்தத்தின் லட்சணத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிப்ரவரியில் பக்கத்து ஒன்றியத்தில் ஒரு பட்டறையை மூடினேன். அங்கே கை மாட்டியிருந்தவர்களுக்குக் கழகத்தின் கையைக் கொடுத்தார்கள். மூன்றாவது வாரம் ஒரு திருத்தம் வந்தது. அந்த நிமிடம் மூடியிருந்த விரல்கள் மூடியபடியே நின்றுவிட்டன, ஒன்பது நாள். பேச்சிக்கனி என்ற பெண் அப்போது தூக்குவாளியைப் பிடித்திருந்தாள். கழகத்தின் கையை மையத்தில்தான் கழற்ற முடியும் என்பதால் வாளியின் கைப்பிடியை ரம்பத்தால் அறுத்தார்கள். மிச்சக் கம்பியோடுதான் தூங்கினாள், பிள்ளைக்குத் தலை வாரினாள். "புகார் இல்லை" என்று எழுதி வாங்க என்னைத்தான் அனுப்பினார்கள். இடது கைப் பெருவிரல் ரேகை வைத்தாள். நான் மை டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு நான் சரியாகத் தூங்கவில்லை. வேலையை விட்டேனா? விடவில்லை.

செவல்நத்தம் ஊராட்சித் தலைவர் பெயர் வேலுத்தாய். நாற்பத்தைந்து வயது இருக்கும். வலது கை அவருக்கு அச்சிட்ட கைதான். தோல் நிறமெல்லாம் பூசாமல், நல்ல நீலத்தில் இருந்தது.

"சார், சோதிக்க வந்திருக்கீகளா, சீல் வைக்க வந்திருக்கீகளா?" என்றார் வணக்கம் சொன்ன கையோடு.

"சோதிக்கத்தாம்மா."

"அப்ப உள்ள வாங்க. சீல்னா பதினொரு மணி கிராம சபை முடிஞ்ச பெறகு வைக்கலாம்னு சொல்ல நெனச்சேன்."

பட்டறையைப் பார்த்துக்கொள்வது சீனியம்மாள். முப்பது வயது, ஐடிஐ படித்தவள், கேள்வி கேட்டால் பதில் மட்டும் சொல்கிற ரகம். சுவர் முழுக்க உரிமங்களைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேமினேஷன் செய்து ஒட்டியிருந்தாள். நான் ஒன்றரை மணி நேரம் சோதித்தேன். கதவுக் கீலில் பெயர் இருந்தது. பம்பு இலையில் இருந்தது. டீ வடிகட்டி ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அதன் விளிம்பில், எறும்பு படிக்கிற அளவு எழுத்தில், அதை வரைந்த யாரோ ஒரு பிரேசில்காரரின் பெயர் இருந்தது.

"இதையெல்லாம் யாரும்மா பாக்கப் போறா?" என்று கேட்டேவிட்டேன்.

"நீங்க பாத்தீகல்ல" என்றாள் சீனியம்மாள்.

காதுக்குள் ஆணையர் கொதித்துக்கொண்டிருந்தார். "பால்வண்ணன், எதையாவது பிடிங்க. அஞ்சு மணிக்கு அமைச்சர் புதுத் திருத்தத்தைத் தொடங்கி வைக்கிறார். பட்டனை அழுத்தினா ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் கையும் ஒரே நேரத்துல வணக்கம் சொல்லும். அந்த மேடையில 'இனி ஒரே மாநிலம், ஒரே கை'ன்னு அவர் சொல்லும்போது, ஒரு பஞ்சாயத்து தனியா கை பண்ணிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"ஆமாம் சார்" என்றேன். எதற்கு ஆமாம் என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு சீனியம்மாள் தீர்மானப் புத்தகத்தைக் கொண்டுவந்து வைத்தாள். கிராம சபையின் தீர்மானங்களை எழுதுகிற பெரிய நோட்டு. தெருவிளக்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் இப்படி இருந்தது: "தீர்மானம் எண் 7. கையின் கட்டைவிரல் அச்சாணியை ஒன்றரை மில்லிமீட்டர் உள்ளே தள்ளுதல். ஆதரவு 188, எதிர்ப்பு 40." அடுத்த பக்கத்தில், "சுட்டுவிரல் நுனியில் ரப்பர் ஒட்டுதல். தோல்வி." அதற்கடுத்த கூட்டத்தில், "சுட்டுவிரல் நுனியில் ரப்பர் ஒட்டுதல். மறுபடியும் தோல்வி."

நான் சிரித்துவிட்டேன். "என்னம்மா இது? ஒரு ஆணிக்கு ஊர் கூடி ஓட்டுப் போடுறீங்களா?"

வேலுத்தாய் சிரிக்கவில்லை. "லைசன்ஸ்ல அப்பிடித்தான சார் இருக்கு. போட்டிருப்பவரைக் கேட்டு மாத்துன்னு."

"அதுக்கு, யாரோட கையோ அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டா போதும். கழகத்துல ஒவ்வொருத்தர் போனுக்கும் தகவல் அனுப்புறோம். சம்மதம்னு தொட்டுட்டா முடிஞ்சுது."

"தொடலைன்னா?"

"தொடலைன்னா... மூணு நாள்ல சம்மதம்னு எடுத்துக்குவோம்."

"அதுக்குப் பேரு கேக்குறதா சார்? சொல்லிட்டுப் போறது." அவர் நீலக் கையை மேஜைமேல் வைத்தார். "கேட்டுன்னா என்ன? நான் கேக்கணும், அவுக சொல்லணும், அதை நான் காதுல வாங்கணும். மூணும் சேந்தாத்தான் கேட்டு. என் கைக்கு ஒத்துவர்ற ஆணி மாரிக்கண்ணு கைக்கு ஒத்துவராது. டிசைன் ஒண்ணுதான? ஒருத்திக்காக மாத்துனா எல்லாருக்கும் மாறுது. அப்ப எல்லாரையும் கூப்பிட்டு வச்சுத்தான கேக்கணும்?"

"அப்படியே வச்சுக்கிட்டாலும் அறுபத்துமூணு பேரைக் கேட்டா போதுமே. ஊரே ஏன் ஓட்டுப் போடுது?"

"எங்க ஊர்ல இன்னைக்குக் கை போடாதவுக நாளைக்குப் போடுறவுக சார்" என்றார்.

குற்றம் கண்டுபிடிக்க வந்தவன் நான். அந்த நோட்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் வேலை செய்த இடத்தில் பதினொரு வருடமாக யாரும் என்னை எதையும் கேட்டதில்லை.

பதினொரு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானாவுக்குக் கீழே கிராம சபை கூடியது. இருநூற்று முப்பது பேருக்குமேல் இருக்கும். எனக்கு முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். தண்ணீர்த் தொட்டி, சாக்கடை வாறுகால், வேலை அட்டை என்று மூன்று பொருள் முடிந்தது. நாலாவதாக வேலுத்தாய் எழுந்தார்.

"அடுத்தது என்னப் பத்தினது. அதனால நான் தலைமை வகிக்கக் கூடாது. பெத்துராஜ் தம்பி, நீங்க வந்து உக்காருங்க."

பெத்துராஜ் உபதலைவர். தலைவர் கிழக்கே என்றால் மேற்கே என்பவர் என்று அதற்குள் எனக்கே தெரிந்திருந்தது. அவர் சந்தேகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

வேலுத்தாய் மைக்குக்கு முன்னால் நீலக் கையைத் தூக்கிக் காட்டினார். "இந்தக் கட்டைவெரல் உங்க கையில இருக்குற மாதிரி இல்ல. ஸ்பிரிங்க மாத்தியிருக்கு. சீனியம்மாட்ட சொல்லி நாந்தான் மாத்தச் சொன்னேன். சபையைக் கேக்கல. லைசன்ஸை மீறிட்டேன். சபை என்ன சொல்லுதோ அதுக்குக் கட்டுப்படுறேன்."

பெத்துராஜ் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார். "சார், வெயிலாருக்கு. ஒரு பத்து நிமிசம் அப்பிடி ஆபீஸ்ல போய் பேனுக்கு அடியில உக்காந்துட்டு வர்றீகளா?"

"இல்ல, பரவாயில்லை" என்றேன்.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு மைக்கை மறந்து கத்தினார். "யக்கா, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? யாரு முன்னாடி என்ன பேசுறீக? எதித்த வீட்டுக்காரனுக்குக்கூடத் தெரியாது, நீங்களா ஏன் வாயக் கொடுக்குறீக?"

மாரிக்கண்ணு என்ற பெண் எழுந்தாள். அவளுக்கும் அச்சிட்ட கை. "அண்ணே, இதுல என்ன தப்பு? கை அவுக கை. போட்டிருப்பவரைக் கேட்டுன்னுதான போட்டிருக்கு? போட்டிருக்குறது அவுக. தன்னத்தான கேட்டுக்கிட்டாக. முடிஞ்சுபோச்சு!"

கைதட்டல் எழுந்தது. பெத்துராஜின் முகத்தில் உயிர் வந்தது. "ஆமா! அதான் சரி. சார் நல்லா எழுதிக்கோங்க."

"முடியல" என்றார் வேலுத்தாய். "போன வருசம் தலையாரி மகன் தனக்கு மட்டும் மணிக்கட்ட மாத்திக் கேட்டான். சபை கூடி முடியாதுன்னோம். அவன் அழுதான். அவனுக்கு ஒரு அர்த்தம், தலைவருக்கு ஒரு அர்த்தமா? நமக்குத் தோதா இருந்தா ஒண்ணு, மோசமா இருந்தா ஒண்ணுன்னு வச்சுக்கிட்டா, அப்புறம் கழகத்துக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

முக்கால் மணி நேரம் சண்டை நடந்தது. பட்டறை போனால் பழுதான கையை யார் பார்ப்பது என்று அழுதவர்கள் இருந்தார்கள். தலைவர் பதவியை ராஜினாமா செய் என்றார்கள். சாரைப் பார்த்துப் பேசுங்கப்பா என்று என்னைக் காட்டினார்கள். கடைசியில் பெத்துராஜ் வாக்கெடுப்புக்கு விட்டார். "தலைவர் செஞ்சது லைசன்ஸ் மீறல்தான்னு நெனைக்கிறவுக கை தூக்குங்க."

முதலில் நாலைந்து கைகள். பிறகு வரிசை வரிசையாக. சதைக் கைகளுக்கு நடுவே மஞ்சளும் சிவப்பும் பச்சையுமாக அச்சிட்ட கைகள் எழுந்தன. யாருடைய கை மூடப்படும் பட்டறையில் பிறந்ததோ அந்தக் கைகளே எழுந்தன. சீனியம்மாள் எண்ணினாள். மீறல் என்றவர்கள் நூற்று நாற்பத்தொன்பது, இல்லை என்றவர்கள் எண்பத்துநான்கு. மாற்றிய கட்டைவிரலோடு உள்ள கை அடுத்த கிராம சபை வரை பூட்டில் இருக்க வேண்டும் என்றும் தீர்மானமானது. வேலுத்தாய் அங்கேயே கையைக் கழற்றிச் சீனியம்மாளிடம் கொடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் முழங்கையை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எனக்கு எழுந்து நின்று கும்பிட வேண்டும்போல இருந்தது. நான் சோதகர். கும்பிடவில்லை.

வண்டிக்குள் போய் அறிக்கைப் படிவத்தைத் திறந்தேன். மணி மூன்றரை. ஆணையருக்குச் செய்தி எட்டியிருந்தது. "பிரமாதம்! அவங்களே ஒத்துக்கிட்டாங்களாமே? உடனே அனுப்புங்க, ஒப்பம் போடுறேன்."

படிவத்தில் மூன்று காரணங்கள் இருக்கும், ஒன்றைத் தொட வேண்டும். பெயர் இல்லாமை, விற்பனை, முறையற்ற மாற்றம். முதல் இரண்டுக்கு விளக்கம் வேண்டாம். மூன்றாவதைத் தொட்டால், உரிமத்தின் எந்தச் சொல் மீறப்பட்டது, அந்தச் சொல்லின் பொருள் என்ன என்று எழுத வேண்டும். அங்கேதான் என் விரல் நின்றது.

கழகச் சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு எனக்கு மனப்பாடம். ஓர் உரிமத்தின் சொல்லுக்குச் சோதகர் எழுதி ஆணையர் ஒப்பமிட்ட பொருள், அந்த வடிவத்தை அச்சிடும் அனைவரையும் கட்டும். ஒவ்வொரு ஊராக அலையச் சோம்பல்பட்டு நாங்களே கொண்டுவந்த பிரிவு. ஓர் ஊரில் ஒரு சொல்லுக்குப் பொருள் எழுதி, அதே வடிவத்தை வைத்திருந்த பத்தொன்பது பட்டறைகளை ஒரே நாளில் மூடியிருக்கிறேன். அனைவரையும் என்றால் அனைவரையும். இந்தக் கையை இப்போது கழகமும் அச்சிடுகிறது.

"பெயர் இல்லாமை" என்று பொய்யாகத் தொட்டால் பட்டறை மூடப்படும், கழகத்துக்குச் சேதாரமில்லை, எனக்குச் சபாஷ் கிடைக்கும். உண்மையை எழுதினாலும் பட்டறை மூடப்படும், ஆனால் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் கைகளும் அதே குற்றத்தில் வந்து நிற்கும். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்கள். வாரிப் போடப் போவது என் கை.

பயமாக இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? ஓய்வுபெற எனக்கு நான்கு வருடம் இருந்தது. ஆனால் சற்று முன்னால் நூற்று நாற்பத்தொன்பது பேர் தங்களுக்கே எதிராகக் கை தூக்கியதைப் பார்த்துவிட்டு வந்த எனக்கு, அவர்கள் நோட்டில் எழுதாத ஒரு பொய்யை அவர்கள் பெயரில் எழுத மனம் வரவில்லை. மூன்றாவதைத் தொட்டேன். எழுதினேன்: "'கேட்டு' என்பதன் பொருள், இந்தக் கையைப் போட்டிருப்பவர்களை அவரவர் ஊரில் கூட்டி, மாற்றத்தை விளக்கி, அவர்கள் சொல்வதைக் காதில் வாங்கி, எண்ணி முடிவெடுத்தல். தனி ஒருவரின் சம்மதமோ அறிவிப்போ போதாது. செவல்நத்தம் ஊராட்சி இந்தச் சொல்லை மீறியுள்ளது."

நான்கு இருபதுக்கு அனுப்பினேன். நாற்பதாவது வினாடியில் ஒப்பம் வந்துவிட்டது. "சபாஷ் பால்வண்ணன், சீல் வையுங்க." படித்துவிட்டு ஒப்பமிட நாற்பது வினாடி போதாது. அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

பட்டறைக் கதவில் சீல் வைத்தேன். உத்தரவின் நகலை வேலுத்தாயிடம் கொடுத்தேன். அவர் அதை இடது கையில் வாங்கி, எழுத்துக்கூட்டாத குறையாக மெதுவாகப் படித்தார். அழுவார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "ஆணையர் ஒப்பம் வந்துருச்சா சார்?"

"வந்துருச்சு."

"அப்ப இது செல்லும்?"

"செல்லும்."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டுவிட்டுப் பட்டறைப் படியில் உட்கார்ந்தார். எனக்குள் ஏதோ இடித்தது. "ஏம்மா, அந்தக் கட்டைவிரலை என்னைக்கு மாத்துனீங்க?"

"போன சனிக்கெழம."

என் சோதனை அறிவிப்பு அவர்களுக்குப் போனது வெள்ளிக்கிழமை.

"மூணு வருசமா கழகத்துக்கு எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கோம் சார்" என்றார் வேலுத்தாய். "மாசாமாசம் எல்லார் கையையும் மாத்துறீகளே, கேட்டுன்னா என்னன்னு ஒரு பதில் சொல்லுங்கன்னு. பதினேழு மனு. பரிசீலனையில் உள்ளதுன்னு பதினேழு பதில். அப்புறந்தான் புரிஞ்சுது. நியாயம்னு எழுதுனா உங்க ஆபீஸ்ல பரிசீலனை. குத்தம்னா அன்னைக்கே ஒப்பம். சரி, ஒரு குத்தம் கொடுப்போம்னு நெனச்சேன்."

"நான் அதை வேற மாதிரி எழுதியிருந்தா?"

"எழுதியிருக்கலாம்." அவர் என்னை நேராகப் பார்த்தார். "டீ வடிகட்டியத் திருப்பிப் பாத்த மனுசன் அப்பிடி எழுத மாட்டாகன்னு சீனியம்மா சொன்னா. அந்த நம்பிக்கையிலதான் மேடை ஏறினேன். இல்லைன்னா வாயத் தெறந்திருக்க மாட்டேன், பெத்துராஜ் சொன்ன மாதிரி."

"ஊருக்குத் தெரியுமா, நீங்க வேணும்னே செஞ்சீங்கன்னு?"

அவர் முகம் முதல்முறையாகத் தொய்ந்தது. "தெரியாது. சொன்னா காத்துல பறந்துரும், கழகத்துக்குப் போயிரும். ஊரைக் கேக்காம ஊர்ச் சொத்தப் பணயம் வச்சுட்டேன் சார். ஸ்பிரிங் மாத்துனதெல்லாம் ஒரு தப்பா? தப்பு இதுதான். அடுத்த கிராம சபைல மொதப் பொருள் அதுதான்."

ஐந்து மணிக்கு நடந்ததைச் சொல்ல எனக்கு இன்னும் ஆசைதான். அமைச்சர் பட்டனை அழுத்தினார். எந்த வடிவமும் உரிமத்துக்கு உட்பட்டே வெளியே போக வேண்டும் என்று சோதிக்கிற இயந்திரம் கழகத்துக்குள்ளேயே உண்டு. என் உத்தரவை அது நாற்பது நிமிடத்துக்கு முன்பே படித்திருந்தது. கழகத்தில் படிக்கிற பழக்கம் அதற்கு மட்டும்தான் இருந்தது. மேடைத் திரையில் "உரிமம் இல்லை. போட்டிருப்பவரைக் கேட்கவும்" என்று வந்து நின்றது. ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஆணையர் காதுக்குள் வந்தார். அவர் சொன்னதை அச்சில் போட முடியாது. "ஆமாம் சார்" என்றேன்.

பிறகு எல்லாம் சட்டப்படி நடந்தது. தவற்றை ஒப்புக்கொண்டு முப்பது நாளில் சரிசெய்தால் உரிமை திரும்பும் என்ற இன்னாசியின் நாலாவது வரியைத்தான் கழகமும் பிடித்துக்கொண்டு கரையேற வேண்டியிருந்தது. தனக்கு அந்த வரி வேண்டுமென்றால் செவல்நத்தத்துக்கும் அதைக் கொடுத்தாக வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் அந்தச் சீலை நானே உடைத்தேன். கழகத்து அதிகாரிகள் ஊர் ஊராகப் போய்ச் சாமியானாவுக்குக் கீழே நின்று, என்ன திருத்தம், எதற்குத் திருத்தம் என்று விளக்கினார்கள். பாதி ஊர்களில் வேண்டாம் என்றார்கள். என்னைப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். அங்கே ஜன்னல் உண்டு.

ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி விடுமுறை. பஸ் பிடித்துச் செவல்நத்தம் போனேன். சாமியானாவில் கடைசி வரிசையில் நின்றேன். மூன்றரை மாதமாகக் கையில்லாமல் இருந்த வேலுத்தாய், சொன்னபடியே முதல் பொருளாக எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றும் குறைக்காமல். சனிக்கிழமையையும் சொன்னார்.

கூட்டம் கொந்தளித்தது. மாரிக்கண்ணு, "ஊருக்காகத்தான செஞ்சாக, இதுல என்ன விசாரணை!" என்று கத்தினாள். "ஊருக்காகச் செய்றேன்னுதான எல்லாரும் நம்மளக் கேக்காம செய்றாக?" என்றார் ஒரு பெரியவர், யாரைப் பார்த்து என்று இல்லாமல். தலைமையில் இருந்த பெத்துராஜ் தீர்மானத்தை வாசித்தார். "சபையைக் கேட்காமல் பட்டறையைப் பணயம் வைத்தது தவறு. கை இன்று திருப்பித் தரப்படும். பதவிக் காலம் முடியும்வரை ஒவ்வொரு கிராம சபையையும் இந்தத் தீர்மானத்தைத் தலைவரே வாசித்துத் தொடங்க வேண்டும்." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "ஆதரிக்கிறவுக கை தூக்குங்க."

சீனியம்மாள் எண்ணினாள். நூற்று முப்பத்தொன்று.

"எதிர்க்கிறவுக?"

நான் கையைத் தூக்கினேன். யோசித்துத் தூக்கவில்லை, தானாக எழுந்தது. அந்த அம்மாளுக்குத் தண்டனையா என்று நெஞ்சு கொதித்தது.

"பின்னாடி யாரு அது, வெள்ளச் சட்ட?" பெத்துராஜ் நெற்றியில் கையை வைத்து எட்டிப் பார்த்தார். "அட, நம்ம சார்! சார், கோவிச்சுக்கிறாதீக. உங்களுக்கு இந்த ஊர்ல ஓட்டு இல்ல. கையக் கீழ எறக்குங்க."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. வேலுத்தாயும் பார்த்தார். கையை இறக்கினேன்.

சீனியம்மாள் ஒவ்வொரு வரிசையாக மறுபடி எண்ணிவிட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுதினாள். எதிர்ப்பு நூற்று முப்பது.